ஆவேசக் கிளை

கோகிலவாணியின் நெற்றியில் பட்டையைக் கட்டிவிட்டு, இந்த ஆளுக்குத் திரையில் கோடு அசையப் போவதில்லை என்ற முடிவோடுதான் ஜவகர் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். மருந்துக்கடையில் பில் போடுகிறவள். முப்பது வயது இருக்கும். பயிற்சிக் கூடத்துக்குள் எல்லாரும் ஷூவோடு திரிந்துகொண்டிருக்க, இவள் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, ஏசி குளிரில் பாதத்தின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பட்டையைக் கட்டும்போது, "தலையில எண்ணெய் வெச்சிருக்கறனுங்க, இது அழுக்காயிருமுங்களா?" என்று கேட்டாள்.

"பரவால்ல. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். வாயால பதில் வேண்டாம், மனசுல நினைச்சாப் போதும். உங்களுக்கு யார் மேல கோபம்?"

கோடு எழுந்தது.

ஜவகர் அந்த நாற்காலியில் நூற்றுக்கணக்கான பேரை உட்கார வைத்துப் பார்த்தவன். மச்சானை நினைப்பார்கள், மேனேஜரை நினைப்பார்கள். கோடு திரையின் உச்சிவரைக்கும் பாயும். கொடுத்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் வைக்கோல் எரிந்து அடங்குவதுபோல் விழுந்துவிடும். இது பாயவில்லை. தொட்டியில் தண்ணீர் ஏறுவதுபோல நிதானமாக ஏறி, மேலே போய் நின்றுகொண்டது. ஒயர் எங்காவது சிக்கிக்கொண்டதா என்று குனிந்து பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"யாரை நினைச்சீங்க?"

"வாயால சொல்ல வேண்டாம்னீங்க."

"இப்பச் சொல்லலாம்."

சொன்னாள். அவளுக்கு பூபதி என்று ஒரு தம்பி இருந்தான். ஃபவுண்டரியில் வேலை. உருகிய இரும்பைத் தூக்கிப் போகிற வாளியின் சங்கிலி ஒருநாள் அறுந்து, அவன் அதன் அடியில் போய்விட்டான். அவன் குடித்துவிட்டு வந்து நிற்கக் கூடாத இடத்தில் நின்றான் என்று ஃபவுண்டரிக்காரர்கள் சொன்னார்கள். லேபர் ஆபீசிலும் அப்படியே பதிவாகிவிட்டது.

"எங்கப்பா குடிச்சே செத்தவருங்க. அதனால தம்பிக்கு அந்த வாசனையே ஆகாது. கல்யாண வீட்டுல குடிச்சவன் யாராச்சும் பக்கத்துல வந்து உக்காந்தா, எந்திரிச்சு அடுத்த பந்திக்குப் போயிருவான். அவனைப் போயி அப்படி எழுதிட்டாங்க."

குரல் உயரவில்லை. கண் கலங்கவில்லை. "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க. அவன் குடிக்கலைன்னு அவங்க வாயால சொல்லோணும்."

பேசி முடித்த பிறகும் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும் உமி நெருப்பு. ஜவகர் எழுந்து போய் டீமின் தலைவி ரேணுகாவை அழைத்துவந்து திரையைக் காட்டினான். ரேணுகா திரையைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணுக்கு ஒரு சால்வை கொண்டுவரச் சொன்னாள். குளிருகிறதாம்.

அந்த ஆட்டத்தின் பெயர் செருக்களம். பழைய ஆன்லைன் சண்டை ஆட்டங்களில் வீரன் அடி வாங்க வாங்க அவனுடைய கனல் ஏறும்; அந்தக் கனலைச் செலவழித்துத்தான் பெரிய வீச்சுகளை வீச முடியும். நெற்றிப் பட்டை வந்த பிறகு கணக்கு மாறியது. ஆட்டத்துக்குள் நிற்கும் வீரனின் கனல், வெளியே உட்கார்ந்து ஆடுகிறவனின் நிஜமான கோபத்திலிருந்து ஊறியது. கத்தினாலும் பல்லைக் கடித்தாலும் பட்டை ஏமாறாது. கோயம்புத்தூரில் தெருவுக்கு ஒரு சென்டர் முளைத்தது. வேலை விட்டு வருகிறவர்கள் கொஞ்ச நேரம் வெட்டிச் சாய்த்துவிட்டு, மனசு லேசாகி வீட்டுக்குப் போனார்கள். குடும்பச் சண்டைகள் குறைந்திருக்கின்றன என்று பத்திரிகைகள் எழுதின. பெண்களே கணவன்மாரைக் கூட்டிவந்து விட்டுப் போனார்கள். கோகிலவாணியும் தூக்கம் வராமல் அப்படி ஒரு சென்டருக்குப் போனவள்தான். அங்கே அவள் யாரிடமும் தோற்கவில்லை என்று கேள்விப்பட்டுத்தான் ஜவகர் அவளை வரச் சொல்லியிருந்தான்.

அவனுடைய வேலை அதுதான். ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும், அவர்களுக்குப் பொருத்தமான பில்டை, அதாவது வீரனின் திறன் அமைப்பை, தேர்ந்தெடுக்க வேண்டும். வீரனுக்குக் கொடுக்கப்படும் டேலண்ட் பாயிண்டுகளை எந்தக் கிளையில் எவ்வளவு போடுவது என்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. அதில் அவனை மிஞ்ச லீகில் ஆள் இல்லை என்று பேச்சு.

அவனே ஒரு காலத்தில் லீகில் ஆடியவன். வீட்டை விட்டுப் போய் வேறொரு குடும்பத்தோடு வாழ்ந்த அப்பாவின் மேல் இருந்த கோபத்தை வைத்து ஆடினான். சில சீசன்கள் நன்றாகப் போயின. ஒரு நாள் பட்டையைக் கட்டி உட்கார்ந்தபோது கோடு எழவில்லை. அடுத்த நாளும் எழவில்லை. வத்திட்டான் என்றார்கள், அந்த வட்டாரத்தில் அதுதான் சொல். டாக்டர் சோதித்துவிட்டு, ரத்த அழுத்தம் அருமையாக இருக்கிறது என்று பாராட்டி அனுப்பினார். அதன் பிறகு வரிசையில் யாராவது குறுக்கே புகுந்தால் ஜவகர் நகர்ந்து இடம் விட்டான். செய்யாத தப்புக்கு வீட்டுக்காரர் திட்டியபோது மன்னிப்புக் கேட்டான். வயசான காலத்தில் அப்பா திரும்பி வந்து வாசலில் நின்றபோது, அம்மா சமையலறைக்குள் சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். ஜவகர் அப்பாவுக்கு இலை போட்டுச் சாப்பாடு பரிமாறினான். அம்மா அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். "அந்தாளைக்கூட மன்னிச்சிருவேன்டா. உன்னைத்தான் பாக்கவே முடியல," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சீசன் தொடங்குவதற்கு முன்பு கோகிலவாணிக்கு பில்ட் போட வேண்டியிருந்தது. ஒரு தடவை போட்டால் சீசன் முடியும்வரை மாற்ற முடியாது, அது லீகின் விதி. ரேணுகா, கோகிலா, ஜவகர் மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"மூணு கிளை," என்று ஜவகர் கோகிலாவுக்குக் காட்டினான். "ஆயுதக் கிளையில போட்டா கை வேகம் கூடும். அரண் கிளையில போட்டா அடி தாங்கலாம். கனல் குறைஞ்சாலும் கேடயத்துக்குப் பின்னாடி நின்னு சமாளிச்சுக்கலாம். ஆவேசக் கிளையில போட்டா ஒவ்வொரு வெட்டும் ரெண்டு மடங்கா இறங்கும். ஆனா அதுக்குக் கனல் தண்ணியாச் செலவாகும். தீர்ந்துட்டா அவ்வளவுதான், கையில கத்தி இருந்தும் இல்லாத மாதிரி."

"இவங்களுக்குத்தான் தீரவே தீராதே," என்றாள் ரேணுகா. "மொத்தத்தையும் ஆவேசத்துல போடுங்க."

"பாதியை அரண்ல போடலாம் மேடம். ஆட்டம் மெதுவாப் போகும். ஆனா ரொம்ப நாள் ஆடுவாங்க."

"ரொம்ப நாள் எதுக்கு ஜவகர்? எனக்கு இந்த வருஷம் கோப்பை வேணும்."

ரேணுகா கடுமையானவள் இல்லை. யாரிடமும் அவள் குரலை உயர்த்தி ஜவகர் கேட்டதே கிடையாது. உயர்த்தவேண்டிய அவசியம் அவளுக்கு வந்ததில்லை.

கோகிலா அவளைப் பார்க்காமல் ஜவகரைப் பார்த்தாள். "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. நீங்களே ஆடினவரு. எதுல போட்டா நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க."

யாருக்கு நல்லது என்று அவன் கேட்டிருக்கலாம். முழு ஆவேசத்தில் ஆடிய ஒருவர்கூட வற்றாமல் தப்பித்ததில்லை என்பது அவனுக்குத் தெரியும்; அதைச் சொல்லியிருக்கலாம். அவனுக்குள் வருத்தம் இருந்தது, கூச்சம் இருந்தது. மேசையைத் தட்டிவிட்டு எழுந்திருக்க வைக்கிற அந்த ஒன்று மட்டும் இல்லை.

"ஆவேசத்துலயே போட்டுக்கலாம்," என்றான்.

அந்த சீசனில் கோகிலவாணி ஆடியதைப் பார்த்தவர்கள் அதை மறக்கவில்லை. கேடயமே இல்லாத ஒரு வீரனை அந்த வருஷம் லீகில் வேறு யாரும் இறக்கவில்லை. எதிரிகள் அவள் கனல் தீரட்டும் என்று காத்திருப்பார்கள். தீராது. காத்திருந்த கேடயத்தோடு சேர்த்து அவர்களைப் பிளந்துவிட்டு, பட்டையை அவிழ்த்து மேசை மேல் மடித்து வைப்பாள். தோற்றவர்களிடம் போய், "கை வலிக்குதுங்களா?" என்று விசாரிப்பாள். டவுன்ஹால் பக்கமெல்லாம் அவள் முகம் போட்ட போஸ்டர்கள் ஒட்டினார்கள்.

சீசன் பாதி கடந்தபோது ஒருநாள் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். "இப்பல்லாம் நல்லாத் தூக்கம் வருதுங்க. நேத்து பஸ்ஸுல கண்டக்டர் மீதிச் சில்லறையே குடுக்கல. போனாப் போகுதுன்னு எறங்கிட்டேன். முன்னயா இருந்தா டெப்போ வரைக்கும் போயிருப்பேன்."

 அன்று மாலை ஜவகர் அவளுடைய பழைய கோடுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தான். உச்சியை எட்டுவதில் குறையில்லை. ஆனால் எட்டுவதற்கு நேரம் பிடித்தது. முன்பு ஆட்டம் முடிந்த பிறகும் மேலேயே நின்றது, இப்போது பட்டையை அவிழ்ப்பதற்கு முன்பே சரிய ஆரம்பித்திருந்தது. அவனுடைய கோடும் கடைசியில் அப்படித்தான் இருந்தது.

ரேணுகாவிடம் சொன்னான். "ஃபைனல் வரைக்கும் தாங்குமா?" என்று அவள் கேட்டாள்.

"தாங்கும்."

"அப்ப சரி."

பழனியப்பன் என்று ஒரு பெரியவர் பயிற்சிக் கூடத்துக்கு வந்தது ஃபைனலுக்குக் கொஞ்ச நாள் முன்புதான். படியேறி வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மூச்சு வாங்கினார். மூச்சு உள்ளே போகும்போது கீச்சென்று சத்தம் வந்தது.

"போஸ்டர்ல பாத்தனுங்க தம்பி. அந்த அம்மணிய நான் பாக்கோணும். பழைய வீட்டுல போயிக் கேட்டேன், காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கன்னாங்க."

"நீங்க யாருங்க?"

"பூபதி வேலை செஞ்ச எடத்துல நாந்தான் சூப்பர்வைசர். அவன் குடிச்சிருந்தான், வாசனை வந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டவன்."

ஜவகர் அவரை உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தான். பெரியவர் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். சங்கிலி தேய்ந்திருப்பதை அவரே இரண்டு தடவை மேலே சொல்லியிருக்கிறார். யாரும் மாற்றவில்லை. விபத்து நடந்த பிறகு, கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் வேலையை விட்டுப் போ என்றார்கள். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. போட்டுவிட்டார். இப்போது நெஞ்செல்லாம் ஃபவுண்டரி மண்.

"லேபர் ஆபீசுக்கு வந்து எல்லாத்தையும் சொல்லிடறேன். நான் உசுரோட நேர்ல நின்னு சொன்னாத்தான் செல்லும்னு வக்கீல் சொல்றாரு. அந்த அம்மணி மனுப் போடோணும். அதுக்கு முன்னாடி ஒருக்கா அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லோணும். செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கறேன்."

கோகிலா அப்போது பக்கத்து அறையில்தான் பயிற்சியில் இருந்தாள். ஜவகர் எழுந்தான். அந்தக் கதவை நோக்கித்தான் எழுந்தான். எழுந்தவன் ரேணுகாவின் அறைக்குப் போனான்.

அவள் முழுவதையும் கேட்டாள். "பாவம்," என்றாள். மனசாரத்தான் சொன்னாள். "கண்டிப்பா அவளுக்குச் சொல்லணும். சொல்லாம இருக்கறது தப்பு. ஃபைனல் முடிஞ்ச அடுத்த நாள் காலையில சொல்லிடலாம்."

"அவரு ரொம்ப முடியாம இருக்காரு மேடம்."

"இப்பச் சொன்னா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. எந்தக் கோபத்துல அவ ஆடறாளோ, அந்த ஆளே வந்து கால்ல விழறாரு. கனல் இருக்குமா? இல்லாம முழு ஆவேச பில்டை வெச்சுக்கிட்டு அவ ஃபைனல்ல என்ன பண்ணுவா? அரண்ல ஒரு பாயிண்ட்கூட இல்லையே. எல்லார் முன்னாடியும் அவ அவமானப்படணுமா?"

அவன் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"அந்தப் பெரியவரை நல்ல ஆஸ்பத்திரியில சேத்துடுவோம். டீம் பாத்துக்கும். அதுவரைக்கும் நல்லா இருப்பாரு."

கோகிலா வெளியூரில் பயிற்சியில் இருப்பதாகப் பெரியவரிடம் சொல்லப்பட்டது. காரில் ஏற்றும்போது அவர் ஜவகரின் கையைப் பிடித்து, "நீங்க நல்லா இருப்பீங்க தம்பி," என்றார்.

ஆஸ்பத்திரியில் தனி அறை. ஜவகர் தினமும் சாயங்காலம் போனான். பெரியவர் ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி படுத்திருப்பார். இவனைக் கண்டதும், "வந்துட்டாங்களா?" என்பார்.

"இன்னும் இல்லீங்க."

ஒருநாள் அவராகவே கேட்டார். "ஃபவுண்டரி கேட்டுக்கு நேர் எதுக்க உங்க ஆட்டத்துக்கு ஒரு சென்டர் தொறந்திருக்காங்க, தெரியுங்களா?"

"எல்லா எடத்துலயும் இருக்குங்களே."

"முன்னெல்லாம் ஒருத்தன் கை போச்சுன்னா, ஷிப்ட் முடிஞ்சதும் பசங்க நேரா யூனியன் ஆபீசுக்கு வந்து நிப்பாங்க. மறுநாள் கேட்டு தொறக்காது. பூபதி போன அன்னைக்கு எல்லாப் பசங்களும் ரோட்டத் தாண்டி அந்த சென்டருக்குள்ள போனானுங்க. கொஞ்ச நேரம் ஆடினானுங்க. வெளிய வரும்போது பாக்கறேன், ஒருத்தன் மூஞ்சியிலயும் ஒண்ணுமில்ல. மறுநாள் எல்லாரும் வேலைக்கு வந்துட்டானுங்க. நானும் வந்தேன்." கொஞ்சம் இருமிவிட்டு, "நான் ஆடுனதில்ல. எனக்கு பயம்தான். அதுக்கு எந்த மெசினும் வேண்டியதில்லையே," என்றார்.

அடுத்த முறை போனபோது அவர் முகம் வீங்கியிருந்தது. "போனுல எடுத்துக்கங்க தம்பி. நான் பேசறேன். ஒருவேளை முடியாமப் போச்சுன்னா," என்றார். ஜவகர் எடுத்தான். பெரியவர் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு, பூபதி குடித்திருக்கவில்லை, சங்கிலிதான் தேய்ந்திருந்தது, நான் பொய்யாகக் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஃபைனலுக்கு முந்தைய நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மகன் வந்து உடலை வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்றார்கள்.

ஃபைனலில் எதிரே சேலத்து டீமின் ஆள். முழு அரண் பில்ட். அவர்களும் கோகிலாவின் கோடுகளைப் படித்திருக்கிறார்கள் என்பது முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. கேடயத்தை நட்டுவைத்துக்கொண்டு அவன் அசையாமல் நின்றான். கோகிலா சுழன்று சுழன்று வெட்டினாள். கேடயம் விரிசல் விட்டது, உடையவில்லை. அரங்கம் கத்தியது. தலைக்கு மேலே தொங்கிய பெரிய திரையில் எல்லாரும் பார்க்கும்படி அவள் கனல் இறங்க ஆரம்பித்தது.

ஜவகர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் பேசுவது அவள் இயர்போனில் கேட்கும். அவன் பேசலாம், அதற்கு விதியில் இடமுண்டு. கோகிலாவின் முகம் அமைதியாக இருந்தது. வியர்த்திருந்தாலும், கடையில் பில் போடும்போது இருக்கிற முகம்தான். எதிரி முதல் முறையாகக் கேடயத்துக்கு வெளியே வந்து அடித்தான். தடுக்க அவளிடம் ஒன்றுமே இல்லை. அடி முழுசாக விழுந்தது.

ரேணுகா அவன் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏதாவது சொல்லுங்க ஜவகர்."

"என்ன சொல்றது?"

"என்னன்னு உங்களுக்குத் தெரியும்."

பெரியவர் பேசிய போன் அவன் சட்டைப் பையில் இருந்தது. ஜவகர் மைக்கை வாயருகே கொண்டுவந்தான்.

"கோகிலா," என்றான். "பூபதி குடிச்சிருந்தான்."

அவள் தலை வெடுக்கென்று திரும்பியது. ஒரு கணம் அவனைப் பார்த்தாள். அவன் திரும்பவும் சொன்னான். "குடிச்சிட்டுத்தான் வேலைக்கு வந்தான். குடிச்சிட்டுத்தான் செத்தான்."

கோடு எழுந்த வேகத்தில் திரையே ஒரு தடவை வெட்டியது. பிறகு நடந்ததை விவரிக்க ஒன்றுமில்லை. கேடயம், கவசம், அதற்குப் பின்னால் இருந்த ஆள் எல்லாம் ஒரே வீச்சில் போயின. அரங்கமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. கோகிலா வாயைத் திறந்து ஏதோ அலறினாள். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஜவகருக்கு மட்டும் உதடு அசைவதில் தெரிந்தது, அது தம்பியின் பெயர்.

கோடு அங்கிருந்து சரிந்தது. நிற்காமல் சரிந்து, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் காலை ஜவகர் அவள் வீட்டுக்குப் போனான். முன்பு சொன்ன மாதிரியே ரேணுகாவும் போன் செய்து, "சொல்லிடுங்க, மனசு நிம்மதியாகும்," என்றாள். கோகிலா குளித்துத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். பெரியவர் வந்தது, இவள் பக்கத்து அறையில் இருந்தது, ஆஸ்பத்திரி, சாவு. பிறகு போனை அவள் கையில் கொடுத்தான்.

அவள் முழுவதையும் பார்த்தாள். பெரியவர் கும்பிட்டதும் போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாவம், ரொம்ப எளைச்சுட்டாரு," என்றாள். "முன்னாடி நல்லா ஆஜானுபாகுவா இருப்பாருங்க."

ஜவகர் காத்திருந்தான்.

"நேத்து நீங்க அதைச் சொன்னப்ப, இது உங்க பாக்கெட்டுல இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு."

"ஓ," என்றாள். கொஞ்ச நேரம் துண்டின் நுனியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். எதையோ எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிற பார்வை அது.

"என்னைத் திட்டுங்க கோகிலா. ரெண்டு அறை வேணும்னாலும் குடுங்க."

"உங்களை எதுக்குங்க? மேடம் சொன்னதைச் செஞ்சீங்க. அவங்களும் டீமுக்காகத்தான சொல்லியிருப்பாங்க." எழுந்தாள். "காப்பி குடிக்கறீங்களா?"

அந்தக் காப்பியை அவன் குடித்தான்.

வக்கீலைப் போய்ப் பார்த்தது ஜவகர்தான். சாட்சி இறந்துவிட்டதால் சிக்கல்தான், ஆனால் தோற்றுவிட்டோம் என்று சொல்ல முடியாது என்றார் அவர். வீடியோவை ஏற்க மாட்டோம் என்பார்கள். மேல்முறையீடு போடலாம். மற்ற தொழிலாளிகளில் ஒருத்தரையாவது பேச வைக்கலாம். "ஆனா அந்தப் பொண்ணு விடாப்பிடியா நிக்கணும். நாளைக்கு வா, அடுத்த வாரம் வான்னு அலைய விடுவாங்க. அசிங்கமாப் பேசுவாங்க. அதுக்கெல்லாம் மசியாம நின்னாங்கன்னா ஜெயிக்கலாம். அவங்க அப்படிப்பட்டவங்கதானே? டிவியில பார்த்தேனே."

முதல் வேலை பழைய கோப்பை எடுத்துத் தரச் சொல்லி லேபர் ஆபீசில் கேட்பது. ஜவகர்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். அவள் மறுக்கவில்லை. ஆட்டோவில் போகும்போது வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள்.

வரிசையில் நின்று மேசைக்கு முன்னால் போனபோது, அங்கிருந்த கிளார்க் நிமிர்ந்து பார்க்காமலே, "பேரு?" என்றார்.

"பூபதிங்க. என் தம்பி. ஃபவுண்டரியில எறந்துட்டான்."

"ஃபவுண்டரியில செத்தவங்க எத்தனையோ பேரு. எந்த பூபதி?" பின்னால் இருந்த அலமாரியைத் திறந்து கட்டுகளைப் புரட்டினார். ஒன்றை உருவி, மேலே எழுதியிருந்ததைப் பார்த்தார். பிறகு அறை முழுக்கக் கேட்கும் குரலில் கேட்டார்: "குடிச்சிட்டு வந்து இரும்பு வாளிக்கு அடியில நின்னு செத்தானே, அவனா?"

ஜவகர் கோகிலாவைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பயிற்சிக் கூடத்தில் முதல் நாள் பார்த்த அந்தக் கோடு எங்காவது ஒரு மூலையில் எழும்பாதா என்று பார்த்தான். தன்னுள்ளேயும் தேடினான்.

"ஆமாங்க," என்றாள் கோகிலா. "அவனேதான்."

வரிசையில் பின்னால் நின்றிருந்த ஒரு பெண்மணி விருட்டென்று முன்னால் வந்தாள். கையில் மஞ்சப்பை. நடுத்தர வயசு. முன்பின் தெரியாதவள். "ஏய்யா, செத்துப்போனவனைப் பத்திக் கூடப்பொறந்தவ கிட்ட இப்படியா கேப்ப? உன் வீட்டுல செத்தா இப்படித்தான் சொல்லுவியா?" என்று மேசையில் படாரென்று அடித்தாள்.  கிளார்க் மிரண்டுபோய் எழுந்துவிட்டார்.

கோகிலா மேசை மேல் இருந்த அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.

"பரவால்லீங்க்கா. அவரு அடையாளத்துக்குத்தான் கேக்கறாரு. நீங்க எதுக்கு டென்ஷன் ஆகறீங்க?" என்றாள். ஜவகரும், "விடுங்கம்மா, பரவால்ல," என்றான்.

அந்தப் பெண்மணி கையை உதறிக்கொண்டாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையை மார்போடு இறுக்கிக்கொண்டு, ஏதோ தொற்றிக்கொண்டுவிடும் என்பதுபோல, அவர்களை விட்டுத் தள்ளி எதிர்ச்சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.